இடப்பக்கத் துடுப்பு

"வெனிஸ் நகரம் தன் ஆன்மாவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது இந்தச் சித்திரத்தில்தான். இனி யார் எந்த நகரத்தை வரைந்தாலும் அது இதற்கு எழுதிய அடிக்குறிப்பு."

இதைச் சொல்லிவிட்டு அபாத்தே ஃபுல்ஜென்சியோ கண்களை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு அவர் நீட்டிய பிரம்பின் நுனி, சித்திரத்தில் பாலத்தடியில் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு நாயின் மேல் போய் நின்றது.

"ஆன்மாவுக்கு ரொம்ப அவசரம்போல," என்றாள் தொனாத்தா.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பளிங்குத் தரை போட்ட கூடத்தில் மெதுவாகச் சொல்வதும் ஊருக்குச் சொல்வதும் ஒன்றுதான். அன்சோலோ பராவியா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடமாக அவளைத் திரும்பிப் பார்க்காமல் இருந்து பழகிவிட்டார். நீதிமன்றத்தில் மனு எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். பொய் சொல்கிறவன் தேதியை மட்டும் சரியாகச் சொல்லுவான் என்பதை அங்கே கற்றுக்கொண்டு வெளியே வந்து, காணாமல் போனவற்றைக் கண்டுபிடித்துத் தருவதைத் தொழிலாக்கிக்கொண்டார். தொனாத்தா அவருடைய உதவியாள். அப்பா படகோட்டி, புருஷன் படகோட்டி. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருவருடைய வாயும் அவளிடம் தங்கிவிட்டது.

இப்போது காணாமல் போயிருப்பது ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு முழ நீளம், வெள்ளிப் பட்டை போட்டது. வீட்டுக்காரரின் பெயர் ஸக்காரியா திரெசானின்; தொழில் மெழுகு வியாபாரம். நொடித்துப்போன ஒரு பிரபுவிடமிருந்து இந்த மாளிகையை வாங்கியவர். மாளிகையோடு சுவரிலிருந்த மூதாதையர் படங்களையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, நாளடைவில் அவர்களைத் தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தவர். பெட்டிக்குள் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் எலும்பு இருப்பதாக, கல்யாணமான புதிதில் மனைவி பிசானாவிடம் சொல்லியிருந்தார். எந்தப் புனிதர் என்று கேட்டபோதெல்லாம் வேறு வேறு பெயர் வந்தது. அந்த அம்மாள் பக்தியுள்ளவர். பெட்டியைத் திறக்காமல் தினமும் மாலையில் அதன் முன் மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மாலை ஏற்ற வந்தபோது மெழுகுவத்தி மட்டும் இருந்தது, பெட்டி இல்லை. அதே நாள் காலையில்தான் ஓவியர் இசெப்போ ராவால் கால்வாயின் எதிர்க்கரையில் உட்கார்ந்து, மாளிகையையும் கரையையும் ஜனங்களையும் வரைந்துகொண்டு போயிருந்தார். போன வாரம் சித்திரம் சுவருக்கு வந்தது. நேற்று மாலை அபாத்தே அதைப் பூதக்கண்ணாடி வைத்து விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கையில், மாளிகையின் இடப்பக்கக் கதவருகே நகக்கண் அளவில் ஓர் உருவத்தைக் கண்டுபிடித்தார். வெள்ளை உடுப்பு. கையில் கறுப்புப் பெட்டி.

மாளிகையின் முகப்பில் கதவுகள் இரண்டு. அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. இடப்பக்கத்துக் கதவு சமையலறைக்குப் போகிறது. அந்த வழியில் வெள்ளை மேல்துணி கட்டிக்கொண்டு போய்வருகிறவள் ஒருத்திதான், துணி வெளுக்கும் மெனெகா. அவளை நேற்றிரவே விறகு அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இன்று நடுப்பகல் மணி அடித்ததும் காவலர்கள் வந்து அழைத்துப் போவார்கள். புனிதரின் எலும்பைத் திருடியவளுக்கு என்ன தண்டனை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பதினோரு வருஷமா இருக்கா. ஒரு கைக்குட்டை குறைஞ்சதில்ல," என்றார் பிசானா. பராவியாவை வரவழைத்தவர் அவர்தான். கணவருக்கு அதில் விருப்பமில்லை என்பது, அவர் கால்வரை தொங்கும் வீட்டு அங்கிக்குள் குறுகி உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

மணி அடிக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

பராவியா சித்திரத்தின் முன் நின்று, மணிக்கூண்டு ஏன் மாளிகைக்கு இடப்பக்கம் நிற்கிறது, எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் அல்லவா இருக்கிறது என்று பணிவாகக் கேட்டார். அபாத்தே இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர். பாதிரி அங்கி போட்டுக்கொண்டு பூசை மட்டும் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் செய்யும் அறிஞர் அவர். இந்தச் சித்திரத்தின் உட்பொருளைப் பற்றி நாற்பது பக்கத்தில் ஒரு சிறுநூல் எழுதி அச்சிட்டும் விட்டார். மணிக்கூண்டு என்பது விசுவாசம். ஓவியர் அதை இதயம் இருக்கும் பக்கத்துக்கு மாற்றிவிட்டார், பக்கம் ஒன்பது. மீன்காரன் காலைக் கடை விரித்திருக்க வெயில் மேற்கிலிருந்து விழுகிறதே என்றால், அது நேற்றும் நாளையும் கைகோத்துக்கொள்ளும் இடம், பக்கம் பதினான்கு. மூலையில் வெள்ளையாக ஒரு குவியல் தெரிகிறதே என்றால், தேவ ஆட்டுக்குட்டி. பக்கம் இருபத்திரண்டு.

"சாயங்காலம் மீன் விக்கிறவன இந்த ஊர்ல கூடையோட கால்வாய்ல தள்ளிருவாங்க சாமி," என்றாள் தொனாத்தா. அதற்குப் பக்கம் எதுவும் இல்லை.

அவள் அதற்குள் வேறொன்றைப் பார்த்துவிட்டாள். கால்வாயில் ஒரு கொண்டோலா நின்றது. படகோட்டி பின்பக்கம் நின்றிருந்தான். அவனுடைய துடுப்பு இடப்பக்கம் இருந்தது.

வெனிஸில் தவழும் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஒற்றை ஆளாகப் பின்னால் நின்று துடுப்புப் போடுகிறவனுக்குத் துடுப்பு வலப்பக்கம். அவள் சொன்னதும் அபாத்தே ஒரு நொடி தடுமாறி, உடனே நிமிர்ந்து, இடம் என்பது பணிவின் பக்கம் என்றார்.

"எங்கப்பா முப்பது வருஷம் துடுப்புப் போட்டவரு. இடப்பக்கம் போட்டா பணிவு வராது சாமி. பாலத்துல மோதி மூக்குதான் உடையும்."

பராவியா பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். மீன்காரன் இடக்கையால் மீன் அறுத்தான். கூடைக்காரி இடக்கையால் பேரம் பேசினாள். கண்ணாடி மெல்ல நகர்ந்து கோயில் வாசலுக்குப் போனது. அங்கே ஒரு குருவானவர், மண்டியிட்ட கிழவி ஒருத்திக்கு ஆசி வழங்கிக்கொண்டிருந்தார்.

"இவரு இடக்கையால ஆசீர்வாதம் பண்றாரே," என்றார் பராவியா. "இது எந்தப் பக்கத்துல வருது?"

அபாத்தே வாயைத் திறந்தார். இடக்கை ஆசிக்கு உட்பொருள் சொல்லப்போனால் அது தன்னை எந்த மத விசாரணையில் கொண்டுபோய் நிறுத்தும் என்று யோசித்தார். வாயை மூடிக்கொண்டார். நாற்பது பக்கம் எழுதிய மனிதர் வார்த்தையில்லாமல் நிற்பதைப் பார்க்கத் தொனாத்தாவுக்கு ரொட்டியும் ஊறவைத்த மத்தி மீனும் வயிறாரச் சாப்பிட்டது போல இருந்தது.

இசெப்போ ராவால் ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே குடியிருந்தார். இவர்களைப் பார்த்ததும் அது கற்பனைக் காட்சி, கலைஞனின் சுதந்திரம் என்று படியிலேயே ஆரம்பித்துவிட்டார். பராவியா அதற்குத் தலையாட்டிக்கொண்டே, ஜன்னலோரம் கறுப்புத் துணி போர்த்தி வைத்திருந்த மரப்பெட்டி எதற்கு என்று கேட்டார்.

அது ஓவியர்கள் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. முன்னால் ஒரு வில்லை, உள்ளே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, மேலே ஒரு தேய்த்த கண்ணாடித் தகடு. வெளியே நிற்பதெல்லாம் அந்தத் தகட்டில் குட்டியாக வந்து விழும். மேலே எண்ணெய்த் தாளை வைத்துக் கோடு இழுத்துக்கொண்டால் போதும். வெனிஸை வரைகிறவர்கள் எல்லாரிடமும் அது உண்டு. எல்லாரும் வெறுங்கண்ணால் பார்த்து வரைந்ததாகத்தான் சொல்வார்கள்.

தொனாத்தா துணிக்குள் தலையை நுழைத்தாள். கீழே தெருவும் மாவுக்காரனின் வண்டியும் நேராகத்தான் தெரிந்தன. ஆனால் எதிர்ச் சாரிக் கடைப் பலகையின் எழுத்துகள் பின்னாலிருந்து முன்னால் ஓடின.

"சியோர் அன்சோலோ," என்றாள் துணிக்குள்ளிருந்தே. "உள்ள ஊரே இடம் வலமா மாறிக் கெடக்கு."

இசெப்போ முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் சொன்னதில் ஒளிவுமறைவு இல்லை. கண்ணாடி இடவலம் மாற்றித்தான் காட்டும். கோடு இழுத்து முடித்ததும் எண்ணெய்த் தாளைப் புரட்டிப் போட்டு, பின்பக்கம் தெரியும் கோட்டைத்தான் படம் வரையும் சீலைக்கு மாற்ற வேண்டும். பயிற்சிக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது. இருபது வருடமாகச் செய்தது. அன்றைக்கு மட்டும் தாளைப் புரட்ட மறந்துவிட்டார். மாளிகை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் வண்ணம் பூசும்வரை உறைக்கவில்லை. மணிக்கூண்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. சீலையைக் கிழித்துப் போடலாம் என்று கத்தியைத் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அபாத்தே உள்ளே வந்தார்.

"வந்தவரு அப்படியே நின்னுட்டாரு. விசுவாசம் இதயத்துப் பக்கம் வந்திருச்சுன்னாரு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. நான் என்ன சொல்றது? தாளப் புரட்ட மறந்துட்டேன்னா?"

"சொல்லிருக்கலாம்," என்றாள் தொனாத்தா. "விறகு ரூம்ல ஒருத்தி உக்காந்திருக்கா."

அது இசெப்போவுக்குத் தெரியாது. முகம் செத்துப்போனது. பெட்டியோடு நின்ற உருவத்தைத் தானாகச் சேர்க்கவில்லை, அசையாமல் நின்ற எல்லாரையும் கண்ணாடியில் பிடித்தது போலத்தான் அதையும் பிடித்ததாகச் சொன்னார். முகம் தெரியவில்லை, யாரோ ஒரு பெண். கழுத்திலிருந்து கீழே வெள்ளை. கையிலிருந்த பெட்டியை அந்த வெள்ளைக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்த ஆளிடம் நீட்டியது. பெண் என்று எப்படித் தெரியும் என்று பராவியா கேட்டார். வெள்ளை உடுத்தியிருந்தது, வேறென்ன வேண்டும் என்றார் இசெப்போ. அந்தக் குவியல் தேவ ஆட்டுக்குட்டியா என்றதற்கு, ஆடு சம்பந்தப்பட்டதுதான் என்றார்.

திரும்பும் வழியில் இருவரும் வேகமாக நடந்தார்கள். விஷயம் இப்போது எளிது. சித்திரத்தில் இடப்பக்கக் கதவு என்றால் உண்மையில் வலப்பக்கக் கதவு. வலப்பக்கக் கதவு சமையலறைக்குப் போகவில்லை; முதலாளியின் உடுத்தும் அறைக்குப் போகும் தனிப் படிக்கட்டு அது. அந்த வழியாக மெனெகா ஒருநாளும் காலெடுத்து வைத்தவளல்ல.

"கழுத்திலேருந்து கால் வரைக்கும் வெள்ளை," என்றார் பராவியா. "அது துணி வெளுக்கிறவளோட மேல்துணி இல்ல."

"பெரிய மனுஷங்க பொய்முடிக்கு வெள்ளைப் பொடி தூவுறப்ப போத்திக்கிற துணி. பொடி போடுறது யாரு, முதலாளிக்கு உடுத்திவிடுற பணியாள் தோனின். போட்டுக்கிறவருக்கு மட்டுமில்ல, போடுறவனுக்கும் மேல பறக்குமே, அவனும் போத்திக்குவான்."

"தோனின்தான்," என்றார் பராவியா. அவர் இவ்வளவு உறுதியாக எதையும் சொல்வதில்லை. தொனாத்தாவுக்கு அப்போதே லேசாகச் சந்தேகம் வந்தது.

மாளிகையின் முன்கரையில், சித்திரத்தில் எந்தப் பக்கம் இருந்ததோ அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், தேவ ஆட்டுக்குட்டி கிடந்தது. இடுப்பளவு உயரம். மெத்தை தைக்கும் பஸ்குவாலின் என்பவன் அதன் நடுவில் உட்கார்ந்து, ஆணிப் பலகையில் கம்பளி ரோமத்தைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். கறுப்புப் பெட்டியா, இருக்கிறதே என்றான், மறைக்க ஒன்றுமில்லாதவனின் குரலில். கொடுத்தவர் நேரில் வந்து கேட்டால்தான் தருவானாம். ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயில் ஊர்வலத்துக்கு முதல் நாள் வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

"கொடுத்தது பணியாள் தோனின்தானே?" என்றார் பராவியா.

"தோனினா? அவன் கையில இதக் குடுப்பாரா? முதலாளிதான் வந்தாரு. தலையெல்லாம் பொடி, மேல துணி. யாரும் பாக்குறதுக்குள்ள புடின்னாரு."

பராவியா தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், அங்கே ஏதோ எழுதியிருப்பது போல.

"புனிதரோட எலும்ப மெத்தைக்காரன்கிட்ட எதுக்குக் குடுக்கணும்?" என்றாள் தொனாத்தா.

பஸ்குவாலின், உள்ளே இருப்பது என்னவென்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்திருந்தான். சொல்ல வேண்டாம், தூக்கிக்கொண்டு மேலே வா என்றாள் தொனாத்தா. தூக்குவதைப் பற்றி அவன் சத்தியம் எதுவும் செய்திருக்கவில்லை.

கூடத்துக்குள் நுழையும்போது காவலர்கள் இரண்டு பேர் வாசலில் நின்று சித்திரத்தை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெனெகாவை அழைத்து வந்திருந்தார்கள். கொண்டையில் மரத்தூள், கைகளை மேல்துணிக்குள் சுருட்டியிருந்தாள். அழுது முடித்து வெகுநேரமாகியிருந்த முகம். வெளியே கோயிலில் நடுப்பகல் மணியின் முதல் அடி விழுந்தது.

பெட்டியைப் பார்த்ததும் பிசானா சிலுவை போட்டுக்கொண்டு மண்டியிட்டார். கணவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அதைத் திறப்பது பாவம், புனிதர் கோபித்துக்கொள்வார் என்றார். எந்தப் புனிதர் என்று பராவியா கேட்டார். இந்த முறை புதுப் பெயர் வரவில்லை.

பிசானாதான் திறந்தார். பன்னிரண்டு அடியும் அடித்து மணி ஓய்ந்திருந்ததால், மூடி கிறீச்சிட்டது எல்லாருக்கும் கேட்டது. உள்ளே நீலப் பட்டு விரிப்பின் மேல், புதிதாக ரோமம் அடைத்து, தோல்நிறத் துணியில் உருண்டு திரண்டு, நாடாவோடு இரண்டு கெண்டைக்கால்கள் படுத்திருந்தன.

குச்சிக் கால் திரண்டு தெரிய, பட்டுக் காலுறைக்குள் வைத்துக் கட்டிக்கொள்பவை. ஒன்றைப் பூச்சி அரித்திருந்ததால் புதுப்பிக்கக் கொடுத்ததாகப் பஸ்குவாலின் விளக்கினான். இனி சத்தியம் எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

பதினாறு வருடம் மெழுகுவத்தி ஏற்றிய அம்மாள் அந்த இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். அபாத்தே தொண்டையைச் செருமினார். ஏதோ உருவகம் வரப்போகிறது என்று தெரிந்து தொனாத்தா அவருடைய பிரம்பை மெதுவாகக் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாத்தி வைத்தாள். பராவியா எண்ணெய்த் தாளின் கதையை நாலு வாக்கியத்தில் சொன்னார். காவலர்களில் ஒருவன், அப்படியென்றால் யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டான்.

திரெசானின், மெனெகாவைப் பார்க்காமல் பேசினார். பெட்டி எங்கே என்று மனைவி கேட்டதும் திருட்டுப் போயிருக்கும் என்று வாயில் வந்துவிட்டது. பிறகு அபாத்தே சித்திரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். இவ்வளவு பெரிய அறிஞர் சொல்லும்போது குறுக்கே பேச முடியுமா. காவலர்களிடம் எப்படியாவது சொல்லி, ஒரு மாதத்தில் விட்டுவிட ஏற்பாடு செய்வதாக இருந்தாராம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும் முதலாளி," என்றாள் மெனெகா. "ராத்திரி பூரா விறகு மேல கெடந்தேன். கைய வெட்டுவாங்களா, கண்ணத் தோண்டுவாங்களான்னு."

"மானம் இருக்கில்ல," என்றார் அவர், தரையைப் பார்த்து.

"உங்க மானம் ரெண்டும் பெட்டியில பத்திரமா இருக்கு. என்னோடது எங்க?"

அவள் வெள்ளை மேல்துணியை அவிழ்த்து, மடித்து, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிசானா கையைப் பிடித்து இரு என்று கெஞ்சினார். உங்க மேல வருத்தமில்லம்மா என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு, முதல் தடவையாக வலப்பக்கக் கதவு வழியாக இறங்கிப் போனாள். அடுத்த வாரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக் கடைக்காரர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தொனாத்தா விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

சித்திரத்தை யாரும் இறக்கவில்லை. அபாத்தே நூலின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். அதில் புதிதாகப் பதினெட்டுப் பக்கம். ஓவியர் வெனிஸைக் கண்ணாடியில் வரைந்தது, தன் அழகையே பார்த்து மயங்கும் நகரத்தைச் சுட்டத்தான் என்று நிறுவியிருந்தார். இசெப்போவுக்கு எங்கெங்கிருந்தோ ஆள் வந்தது, எங்கள் வீட்டையும் இடவலமாக வரைந்து கொடுங்கள் என்று. இப்போது அவர் தாளைப் புரட்டாமலிருக்க ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் திரெசானின், குருவானவருக்கு மேல் பிடிக்கும் விதானத்தின் முன்கோலைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைப் பட்டுக் காலுறையில், தலை நிமிர்ந்து நடந்தார். அந்தக் காலுறைகளின் உள்பக்கம், கட்டியது நழுவாமலிருக்க நாடாவை வைத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது பதினோரு வருடமாக மெனெகாதான். நாடா எதற்கு என்றதற்கு முதலாளிக்கு வாதநோய் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். இந்தமுறை தைக்க ஆளில்லாமல் தோனின் குண்டூசி குத்தி விட்டிருந்தான்.

மூன்றாவது பாலத்தில் இறங்கும்போது அவருடைய இடது கெண்டைக்கால் முன்பக்கம் இருந்தது.